இரண்டு புள்ளி குறைத்தால் தீருமா?

2024 நவம்பர் 14 அன்று ‘கங்குவா’ படம் வெளியானது. கதை எப்படி, நடிப்பு எப்படி என்ற பேச்சையெல்லாம் முந்திக்கொண்டு சத்தம் பற்றிய பேச்சு வந்துவிட்டது. காதைப் பொத்திக்கொண்டு பார்த்தோம் என்றார்கள். தலைவலியோடு வெளியே வந்தோம் என்றார்கள். தயாரிப்பாளர் ஞானவேல்ராஜா, இது இசையமைப்பாளர் தேவிஸ்ரீபிரசாத்தின் பிழை அல்ல என்று சொல்லி, ஒலியளவை இரண்டு புள்ளி குறைத்து ஓட்டும்படி திரையரங்குகளைக் கேட்டுக்கொண்டதாகத் தெரிவித்தார். முதல் அரை மணி நேரம் சரியாக வரவில்லை, சத்தம் உறுத்துகிறது என்று படத்தின் நாயகனுடைய மனைவி ஜோதிகாவே எழுதினார். ஒலிக்கலவை செய்தவரின் தலையில் எல்லாப் பழியையும் போடலாமா, கடைசி நிமிடம்வரை நடக்கும் மாற்றங்களுக்கு யார் பொறுப்பு என்ற பொருளில் ஒலி வடிவமைப்பாளர் ரசூல் பூக்குட்டி கேட்டார். நியாயமான கேள்வி. யாரும் பதில் சொல்லவில்லை.

சில நாட்களில் சர்ச்சை அடங்கியது. அந்த ‘இரண்டு புள்ளி’ மட்டும் எனக்குள் அடங்கவில்லை.

திரையரங்கின் ஒலிக்கருவியில் 0 முதல் 10 வரை எண் போட்ட ஒரு ஃபேடர் உண்டு. டால்பி வகுத்த முறைப்படி 7 தான் நிலையான அளவு. மிக்ஸ் செய்யும் கூடத்திலும் படம் ஓடும் அரங்கிலும் அதே 7 இருந்தால், கலவையாளர் கேட்டதை ரசிகரும் கேட்கலாம். 4க்கு மேலே ஒவ்வொரு புள்ளியும் ஏறத்தாழ 3.3 டெசிபல். ஆக, இரண்டு புள்ளி என்றால் 6.7 டெசிபல் அளவுக்குக் குறையும். எது குறையும்? எல்லாம். கத்தல், வாள் மோதல், பின்னணி இசை, பாத்திரங்கள் தாழ்ந்த குரலில் பேசும் வசனம், காட்டின் பூச்சிச் சத்தம் என்று அத்தனையும் ஒரே அளவு கீழே இறங்கும். வசனத்துக்கும் வாள் மோதலுக்கும் இடையிலிருந்த உறவு அப்படியேதான் இருக்கும். முன்பு காது வலித்த இடத்தில் இப்போது கொஞ்சம் குறைவாக வலிக்கும். முன்பு புரிந்த வசனம் இப்போது புரியாது. உலகம் முழுக்கவே பல அரங்குகள் 7இல் ஓட்டுவதை விட்டு வெகுநாளாகிறது. சத்தம் என்று புகார் வந்தால் அரங்கக்காரர் இறக்குகிறார். அவர் எப்படியும் இறக்கத்தான் போகிறார் என்று கலவைக்கூடத்தில் இன்னும் ஏற்றுகிறார்கள். அதைக் கேட்டு அவர் இன்னும் இறக்குகிறார்.

கடைசியில் இருக்கும் ஒரு ஃபேடரை இறக்கினால் உள்ளே நடந்ததெல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை கோடம்பாக்கத்துக்கு மட்டும் உரியதன்று. லேப்டாப்பும் ஹெட்ஃபோனும் வைத்துத் திருவிழாப் பாட்டு செய்யும் ஒவ்வொரு சிற்றூர் அறையிலும் அது குடியிருக்கிறது. அந்த அறைகளில் அதற்கு ஒரு தத்துவமும் உண்டு: நம் பாட்டு சத்தமாகத்தான் இருக்கும், தப்பும் உறுமியும் மெல்லிசையா என்ன, மீட்டரில் சிவப்பு எரியாதவரை எல்லாம் சரி. இந்த மூன்று வாக்கியத்தோடும் எனக்கு நீண்டநாள் வழக்கு இருக்கிறது. மூன்றாவதில்தான் முழுத் தவறும் ஒளிந்திருக்கிறது என்பது என் கட்சி.

முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மீட்டர் இல்லாமல் டிஜிட்டலில் வேலை செய்ய முடியாது. டேப் காலத்தில் அளவு மீறினால் ஒலி மெல்ல மெல்லக் கரகரத்தது. அதிலும் ஓர் அழகு இருந்தது. டிஜிட்டலில் 0 என்பது கூரை. அதற்கு மேலே எண்ணே கிடையாது; மேலே போன அலையின் தலை சீவப்படும். ஆகவே உச்சத்தைக் காட்டும் முள்ளோ பட்டையோ வேண்டும். அடுத்து, எல்லா டிராக்கும் வந்து சேரும் மாஸ்டர் ஃபேடரைத் தொடவே கூடாது என்று கற்பிக்கிறார்களே, அது அரை உண்மை. இன்றைய மென்பொருள்கள் உள்ளே 32 பிட் மிதவைப் புள்ளிக் கணக்கில் ஓடுகின்றன. உள்ளே 0ஐத் தாண்டினாலும் ஒலி கெடுவதில்லை; வெளியே போகும் வாசலில்தான் கெடும். மாஸ்டரில் வேறெந்தக் கருவியும் மாட்டாமல் இருந்தால், பதினாறு டிராக் சேர்ந்து எகிறியதை அந்த ஒற்றை ஃபேடரால் இறக்கிக்கொள்ளலாம். பாவமில்லை. ஊர்ப்பக்கத்தில் பெரிய ஸ்டுடியோ வாடகை கொடுக்க வழியில்லாதவர்கள் வீட்டிலேயே ஒரு பாட்டை முடித்துத் தருகிறார்கள் என்பதும் சிறிய காரியமன்று. ஒப்புதல்கள் முடிந்தன.

சேவுகம்பட்டிப் பக்கம் வருவோம். நிலக்கோட்டை வட்டம், வத்தலக்குண்டுக்கு அருகில். தை பிறந்ததும் சோலைமலை அழகர்பெருமாள் கோயிலில் வாழைப்பழம் சூறைவிடும் விழா நடக்கும் ஊர். கூடை கூடையாகப் பழத்தைச் சுமந்துவந்து வாரி இறைப்பார்கள். மேளம் கேட்கிற பக்கத்துக்குக் கால் தானாகப் போகும் நாள் அது. இந்த வட்டாரமே தாளவாத்தியங்களின் வட்டாரம். நையாண்டி மேளக்காரர்கள் இருக்கிறார்கள், தப்படிப்பவர்கள் இருக்கிறார்கள், தேவராட்டத்துக்கு உறுமி முழக்கும் கம்பளத்து நாயக்கர்கள் இருக்கிறார்கள். இத்தனை கைகள் இருக்கும் இடத்தில் ஒலிப்பதிவு எப்படி இருக்க வேண்டும்?

இந்தப் பக்கத்து மாடியறை ஒன்றில் ஒரு கருப்பசாமி பாட்டின் கலவையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கலவை செய்த பையனுக்கு நல்ல காது. தாளம் பிசகினால் உடனே முகம் சுளிக்கிறான். உறுமியை நேரில் அழைத்து, இரண்டு முகத்துக்கும் தனித்தனி மைக் வைத்துப் பதிந்திருந்தான். உறுமியின் ஒரு முகத்தில் குச்சி விழும். மறுமுகத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்ப்பார்கள். விழுகிற அடி கண நேரத்தில் பாய்ந்து அடங்கும். தேய்ப்பு தாழ்ந்து, நீண்டு, புலி தொண்டைக்குள் முனகுவதுபோல் எழும். பேர் வந்ததே அதனால்தான். பதிவைத் தனியாகக் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பிறகு அவன் முழுக் கலவையை ஓட்டினான். உறுமியைக் காணோம். இருக்கிறது, ஆனால் காணோம்.

“தம்பி, உறுமி எங்கப்பா போச்சு?”

“இருக்கேண்ணே. இந்தா பாருங்க, மீட்டர்ல நல்லா மேல வந்து நிக்குது. செவப்பே எரியல.”

திரையைப் பார்த்தேன். அவன் சொன்னது உண்மை. மாஸ்டர் மீட்டரின் பச்சைப் பட்டை உச்சிக்குச் சற்றுக் கீழே ஏறி, பாட்டு முடியும்வரை அசையாமல் நின்றது. அடுக்கிவைத்த செங்கல் மாதிரி என்று சொல்லலாமா என்று யோசித்தேன். அதைவிடச் சரியாக அலைவடிவமே சொன்னது. மேடும் பள்ளமும் இல்லாத ஒரே தடிப் பட்டை. மாஸ்டரில் லிமிட்டர், அதாவது உச்சத்தைக் கூரையில் நிறுத்தி அமுக்கும் கருவி. அதற்குள் பத்து டெசிபலுக்குக் குறையாமல் ஏற்றம். கேட்டால் பதில் தயார்: “சவுண்டு பத்தலண்ணே. மைக் செட்டுல மத்த பாட்டுக்குப் பெறகு நம்ம பாட்டு போட்டா டல்லாத் தெரியுது.”

இங்கே நடந்ததை ஒரு கணக்கால் காட்டலாம். குச்சியடியின் உச்சம் மைனஸ் 3 டெசிபலில் இருக்கிறது, தேய்ப்பின் உறுமல் மைனஸ் 20இல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 17. இப்போது லிமிட்டருக்குள் 10 டெசிபல் ஏற்றுகிறோம். உறுமல் மைனஸ் 10க்கு வந்துவிடும். அடி பிளஸ் 7க்குப் போக வேண்டும். கூரை 0இல் இருப்பதால் அங்கேயே நிறுத்தி அமுக்கப்படும். இடைவெளி 10 ஆகிவிட்டது. உறுமல் உரக்கக் கேட்கிறது. அடி விழவே இல்லை. அடி விழாதபோது உறுமலுக்கு அர்த்தமில்லை. அது வெறும் இரைச்சல். தப்பு, தவில், பம்பை எல்லாவற்றுக்கும் இதே கதிதான். சுற்றியிருக்கும் மற்றவை எல்லாம் மேலே ஏறிவந்து தோலின் மீது கை விழுந்த அந்தக் கணத்தை மூடிவிடுகின்றன.

‘நம் வாத்தியங்கள் சத்தமானவை, ஆகவே பாட்டும் இப்படித்தான் இருக்கும்’ என்ற வாதம் இந்த இடத்தில்தான் தலைகீழாகிறது. தப்பு ஏன் சத்தமாக இருக்கிறது? அது இடைவிடாமல் ஒலிப்பதாலா? இல்லை. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் அது அடங்குகிறது; அடங்கியதற்குப் பிறகு விழுவதால் அடுத்த அடி நெஞ்சில் இடிக்கிறது. அளவையில் சொன்னால், உச்சத்துக்கும் சராசரிக்கும் உள்ள இடைவெளிதான் இந்த வாத்தியங்களின் உயிர். தூய சைன் அலையில் அந்த இடைவெளி 3 டெசிபல். கிட்டத்தில் மைக் வைத்துப் பதிந்த, எதுவும் செய்யாத தாளவாத்தியத்தில் அது 20ஐ எளிதாகத் தொடும். அதைப் பிடித்து 6க்கு நசுக்கிவிட்டு, இது மண்ணின் இசை, முரட்டுத்தனம் இதன் இயல்பு என்கிறார்கள். முரட்டுத்தனத்தை நீங்கள்தானே ஐயா சீவிவிட்டீர்கள்! மிச்சமிருப்பது மிக்ஸியின் இரைச்சலுக்கு உறவான ஒரு சத்தம். அதற்கு மண், மரபு என்று பட்டம் கட்டுவதைப் போன்ற அவமதிப்பு அந்தக் கலைஞர்களுக்கு வேறில்லை.

மீட்டரால் ஏன் இதைச் சொல்ல முடியவில்லை? அது கூரைக்கும் அலைக்கும் உள்ள தூரத்தை மட்டும் அளக்கிறது. காது கேட்கும் உரப்பு வேறு. காது ஒரு கண உச்சத்தைவிடச் சராசரியை வைத்தே உரப்பை எடைபோடுகிறது. இதை அறிந்துதான் 1939இல் அமெரிக்க வானொலி நிறுவனங்களும் பெல் ஆய்வுக்கூடமும் சேர்ந்து வி.யூ. மீட்டரை வகுத்தபோது, முள் 300 மில்லிசெகண்டில் ஏறும்படி மெதுவாக வைத்தார்கள். பழைய ஸ்டுடியோக்களில் வேலை செய்தவர்கள் அந்த முள்ளின் ஆட்டத்தைப் பார்த்தே பாட்டின் மூச்சைச் சொல்வார்கள். திரையில் இருக்கும் பட்டை அப்படி மூச்சு காட்டாது. அது காவல்காரன், எல்லை தாண்டினால் விசிலடிப்பான், உள்ளே என்ன நடக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. அந்த எல்லையைக்கூடச் சரியாகச் சொல்வதில்லை. சாதாரண உச்ச மீட்டர் சாம்பிள் புள்ளிகளை மட்டும் பார்க்கிறது. இரண்டு புள்ளிக்கு நடுவே அலை 0ஐத் தாண்டி எழலாம். மைனஸ் 0.1இல் கச்சிதமாக நிறுத்திய பாட்டை எம்பி3 ஆக மாற்றும்போது உச்சங்கள் இன்னும் எகிறும். சிவப்பு எரியாமலேயே கரகரப்பு வந்து சேரும். ‘சிவப்பு எரியவில்லை’ என்ற நற்சான்றிதழின் மதிப்பு இவ்வளவுதான்.

அந்த அறையில் இன்னொன்றும் கவனித்தேன். பாட்டை மறுபடி ஓட்டியபோது சிவப்பு ஒருமுறை எரிந்தது. பையன் சட்டென்று மாஸ்டர் ஃபேடரைக் கொஞ்சம் இழுத்தான். சிவப்பு போயிற்று, முகத்தில் நிம்மதி. ஆனால் எஃப்.எல். ஸ்டுடியோவிலும் ரீப்பரிலும் மாஸ்டரில் மாட்டிய கருவிகள் ஃபேடருக்கு முன்னால் இருக்கின்றன. ஒலி லிமிட்டருக்குள் போய் நசுங்கி வந்த பிறகுதான் ஃபேடருக்கு வருகிறது. ஃபேடரை எவ்வளவு இறக்கினாலும் லிமிட்டர் முன்பு நசுக்கிய அதே அளவு நசுக்கிக்கொண்டேதான் இருக்கும். இறங்கியது அளவு, சேதம் அப்படியே. புரோ டூல்ஸின் மாஸ்டர் ஃபேடரில் இது நேர்மாறு. அங்கே ஃபேடருக்குப் பிறகுதான் கருவிகள். அங்கே இறக்கினால் லிமிட்டருக்குள் போவது குறையும், நசுக்கலும் குறையும். ஒரே உருவம், ஒரே பேர், ஒரே கையசைவு, விளைவு இரண்டு. ஒரு மென்பொருளில் கற்ற வித்தையை இன்னொன்றில் செய்கிறவர்கள் எத்தனை பேர் இந்த வேறுபாட்டைப் பார்த்திருக்கிறார்கள்? எஃப்.எல். ஸ்டுடியோவிலோ லிமிட்டரை மாஸ்டரில் ஏற்கெனவே மாட்டிவைத்த தொடக்க வார்ப்பு ஒன்று கூடவே வருகிறது. அதைத் திறந்து முதல் பாட்டைச் செய்த ஒருவர், லிமிட்டர் இல்லாத தம் பாட்டைக் கேட்டே இருக்க மாட்டார்.

‘மைக் செட்டில் டல்லாகத் தெரியும்’ என்ற பயத்தைத்தான் நான் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். அது கற்பனை பயமன்று. இணையத்தில் மட்டும் நிலைமை வேறு: யூடியூபிலும் ஸ்பாட்டிஃபையிலும் உரத்த பாட்டைத் தாமாக இறக்கிவிடுகிறார்கள். அங்கே பாட்டின் சராசரி உரப்பு ஏறத்தாழ மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். (உரப்பின் அலகு) அளவில் நிறுத்தப்படுகிறது. மைனஸ் 7இல் நசுக்கிக் கொடுத்த பாட்டு 7 டெசிபல் இறக்கப்படும். பக்கத்தில் நசுக்காத பாட்டின் அடிகள் கூரைவரை துள்ளும்போது, இதன் அடிகள் மைனஸ் 7க்கு மேலே எழவே முடியாது. உரக்க ஒலிக்க ஆசைப்பட்டு ஊமையாகிப்போன கதை. ஆனால் திருவிழாப் பந்தலில் இந்தச் சமன்படுத்தல் கிடையாது. பென்டிரைவிலிருந்து நேராக மிக்ஸருக்கு. ஒன்றன்பின் ஒன்றாகப் பாட்டு. அங்கே உரத்தது உரத்ததாகவேதான் கேட்கும். இது மெய்.

மெய்தான், ஆனால் அந்த மிக்ஸருக்கு முன்னால் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறாரே! அவர் கையில் ஒரு ஃபேடர் இருக்கிறதே! பாட்டு சற்றுத் தாழ்ந்து வந்தால் அரை அங்குலம் ஏற்றுவார். அவருடைய தொழிலே அது. ஏற்றினால் சத்தம் கிடைத்துவிடும். நசுங்கிய அடியை எந்த ஃபேடரும் மீட்டுத் தராது. அவர் செய்யவேண்டிய வேலையை மாடியறைப் பையன் லிமிட்டரால் செய்துவிட்டு, செலவையும் அவர் தலையில் கட்டுகிறான். செலவு என்று சொன்னது உவமையாக இல்லை. 1000 வாட் ஆம்ப்ளிஃபயரை அதன் எல்லைக்குச் சற்றுக் கீழே வைத்து ஓட்டுகிறார் என்று கொள்வோம். பாட்டில் உச்சத்துக்கும் சராசரிக்கும் 12 டெசிபல் இடைவெளி இருந்தால், ஸ்பீக்கருக்குச் சராசரியாகப் போவது 125 வாட் அளவு. அதே பாட்டை 6 டெசிபலுக்கு நசுக்கினால், உச்சம் மாறாது; மீட்டரும் மாறாது; சராசரி 500 வாட் ஆகிவிடும். நான்கு மடங்கு வெப்பம் வாய்ஸ் காயிலுக்குள் இறங்குகிறது. காயில் எரிவதற்கு உச்சத்தைவிட இந்தச் சராசரிச் சூடே பெரிய காரணம். இரவு முழுக்கப் பாக்ஸ் அடுக்கி ஓட்டிவிட்டு விடியற்காலையில் ஒன்று ஊமையாகிக் கிடந்தால், ஆம்ப்ளிஃபயர் சரியில்லை, ஜெனரேட்டர் கரண்ட் சரியில்லை என்று பழி போகும். பென்டிரைவில் இருந்த தட்டைப் பட்டையை யாரும் சந்தேகப்படுவதில்லை.

ஒரு காலத்தில் இதே ஊர்களில் கூம்புக் குழாய்கள் கட்டியிருந்தன. அவற்றால் கீழ்ஒலியையும் சரியாகத் தர முடியாது, மேல்ஒலியையும் தர முடியாது. அந்தக் குழாயிலேயே எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டுகள் காடு தாண்டிக் கேட்டன. சொல் புரிந்தது, உடுக்கை எங்கே விழுகிறது என்று தெரிந்தது. குழாய் போனதில் எனக்கு வருத்தமில்லை. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்ற 2000ஆம் ஆண்டு விதியும் எனக்கு உடன்பாடே, அதை யார் மதிக்கிறார்கள் என்பது வேறு கதை. குறைந்த கருவியில் தெளிவாகக் கேட்டது நிறைந்த கருவியில் ஏன் கேட்கவில்லை என்பதுதான் கேள்வி. குழாய்க்கு ஓரளவுக்கு மேல் முடியாது என்று அறிந்தவர்கள், பாடகியின் குரலை முன்னால் வைத்து மற்றதைப் பின்னால் வைத்தார்கள். முன்னும் பின்னும் இருந்தது.

இந்த நோய் நம் ஊருக்கு மட்டும் வந்ததன்று. 2008இல் மெட்டாலிகாவின் ‘டெத் மேக்னெடிக்’ வந்தபோது, அதே பாட்டுகள் ‘கிட்டார் ஹீரோ’ விளையாட்டில் நசுங்காமல் இருப்பதை ரசிகர்களே கண்டுபிடித்து, மறுபடி மிக்ஸ் செய்து தாருங்கள் என்று மனு எழுதினார்கள். ஒலிபரப்பில் 2006இல் பி.எஸ். 1770 என்ற அளவுமுறை வந்தது. 2010இல் ஐரோப்பிய ஒலிபரப்பாளர்கள் ஆர் 128 என்ற விதியால் மைனஸ் 23ஐ நிலையாக வைத்தார்கள். சராசரியை அளந்ததால் நசுக்குவதில் லாபம் இல்லாமல் போனது. நம் ரசிகர்கள் மனு எழுதவில்லை; காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

இதற்கு மாற்று என்று இப்போது இன்னொரு மோகம் பரவுகிறது: மைனஸ் 14. எந்தப் பாட்டாக இருந்தாலும் உரப்பு மீட்டரில் அந்த எண் வரும்வரை தள்ளுவது. தாலாட்டுக்கும் மைனஸ் 14, கருப்பன் ஆட்டத்துக்கும் மைனஸ் 14. ஒரு மீட்டரை நம்பிக் கெட்டவர்கள் இன்னொரு மீட்டரை நம்பத் தொடங்கியிருக்கிறார்கள். அந்த எண் பாட்டு நெடுகச் சராசரி எடுத்து வருவது. சிவப்பு விளக்கைவிட இது பலமடங்கு உருப்படியான அளவு. எனினும் சரணத்தில் உடுக்கை தனித்து வரும் இடம் எப்படி ஒலிக்க வேண்டும் என்று அது ஒருநாளும் சொல்லாது. இதைப் பற்றி இதற்கு மேல் எழுத ஏதுமில்லை.

ஃபேடரைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் அளவுக்கோடு சீராக இருப்பதில்லை. 0க்கு அருகில் ஒரு டெசிபலுக்கு நிறைய இடம் கொடுத்திருப்பார்கள். கீழே போகப் போக நெருங்கிவிடும். அடியில் ஒரு நூலிழை நகர்த்தினால் ஐந்தாறு டெசிபல் தாவும். விலைக்கு வாங்கிய லூப்புகளும் சாம்பிள்களும் கூரையைத் தொட்டபடியே வருகின்றன. அவற்றை வரிசையாகப் போட்டுவிட்டு, மாஸ்டர் எகிறுகிறதே என்று ஒவ்வொரு ஃபேடரையும் அடிமட்டத்துக்கு இறக்குகிறார்கள். நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்க வசதியான மேல்பகுதி காலியாகக் கிடக்க, கரடுமுரடான அடிப்பகுதியில் மவுஸை வைத்துத் தடுமாறுகிறார்கள். பதிவான துண்டையே முதலில் மைனஸ் 18 சுற்றுவட்டாரத்துக்கு இறக்கிவைத்துவிட்டால், ஃபேடர்கள் 0க்குப் பக்கத்தில் நிற்கும். மாஸ்டரில் தலைக்கு மேல் இடமும் இருக்கும். இலவசம். ஐந்து நிமிட வேலை. எந்தப் பயிற்சிக் காணொளியிலும் இதைத் தேடிப் பார்க்கலாம், ஆனால் கண் போவதெல்லாம் ‘பாட்டை இரண்டு மடங்கு சத்தமாக்குவது எப்படி’ என்ற தலைப்புக்குத்தான்.

அந்தப் பையனிடம் லிமிட்டரை அணைத்துவிட்டு, மானிட்டரின் ஒலியளவுத் திருகியை மட்டும் ஏற்றி ஒருமுறை ஓட்டச் சொன்னேன். உறுமி திரும்பி வந்தது. அவனுக்கும் கேட்டது. பிறகு யோசித்துவிட்டுச் சொன்னான்: “நல்லாத்தாண்ணே இருக்கு. ஆனா கமிட்டிக்காரங்க ஒத்துக்க மாட்டாங்க.” லிமிட்டரை மறுபடி போட்டான். அவனை நான் குறை சொல்லவில்லை. காசு கொடுப்பவர்கள் சத்தத்துக்குத்தான் கொடுக்கிறார்கள். உச்சம் எது, உரப்பு எது என்று தெரியாதவர்கள் அவர்கள். தெரிந்துகொண்டே நசுக்குபவர்களையும், நசுக்கியதற்கு மண்வாசனை என்று பேர் வைக்கும் விமர்சகர்களையும்தான் நான் கேட்கிறேன்.

விழாக் கமிட்டியார்களுக்கும் மைக் செட் உரிமையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த தை விழாவுக்குப் பாட்டு செய்யச் சொல்லும்போது, லிமிட்டர் போட்டது ஒன்று, போடாதது ஒன்று என்று இரண்டு கோப்பு கேட்டு வாங்குங்கள். போடாததைப் பந்தலில் ஓட்டி, மிக்ஸரின் ஃபேடரை வேண்டிய அளவு ஏற்றிக் கேளுங்கள். அதற்குப் பிறகும் நசுக்கியதுதான் வேண்டும் என்று தோன்றினால் அதையே போட்டுக்கொள்ளுங்கள். நான் வழக்கை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.